கவருக்குள் நற்கருணை: டிராகுலா படித்த ஒரு சகோதரிக்கு

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நூலகத்திலிருந்து, செத்தும் சாகாமல் மனித ரத்தம் குடித்து வாழும் ஒரு பிரபுவின் கதையான டிராகுலா நாவலை எடுத்துவந்து பத்து நாளில் முடித்திருக்கிறீர்கள். அட்டைப்படத்தைப் பார்த்த மாமியார் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் குழு) சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஒரு அக்கா வீட்டுக்கே வந்து, வேதத்தில் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டி, "இதை எரிச்சிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதைப் படித்தது பாவமா, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் முதல் கேள்வி. நாவலில் நற்கருணையை, பூசையில் கிறிஸ்துவின் உடலாக நாம் வாங்கும் அந்த அப்பத்தை, பொடித்து, மாவோடு பிசைந்து கல்லறைக் கதவில் அப்புகிறார்களே, அது தேவநிந்தை இல்லையா என்பது இரண்டாவது. கடைசியில் டிராகுலா சாகும்போது அழுகை வந்தது, அது சரியா என்பது மூன்றாவது. அதை மட்டும் ஒரே வரியில், தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

கொடைக்கானலில் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன் நான். அதைவிட அதிக வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இந்த நாவலை நாலு தடவை படித்திருக்கிறேன். விசுவாசியாகவும் வாசகனாகவும் இதோடு எனக்கு உறவும் உண்டு, சண்டையும் உண்டு.

முதலில் உங்கள் மனசிலிருக்கும் பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். இதைப் படித்தது பாவமில்லை. சாவான பாவமென்றால் விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், தப்பென்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனசாரச் சம்மதித்திருக்க வேண்டும். புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்க, வரும் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். ராத்திரி அடுப்படி வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒரு கதைப் புத்தகம் படித்த உங்களுக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. நம் திருச்சபை ஒரு காலத்தில் விசுவாசிகள் படிக்கக் கூடாத நூல்களுக்குப் பட்டியலே வைத்திருந்தது. 1559-இல் தொடங்கிய அந்தப் பட்டியல் 1966-இல்தான் சட்ட பலத்தை இழந்தது. டிராகுலா வெளிவந்தது 1897-இல். நடுவில் இருந்த அறுபத்தொன்பது வருஷத்தில் அது அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. பயத்தில் உங்களுக்குத் தூக்கம் கெடுகிறதென்றால் மூடி வைத்துவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

எரிக்கச் சொன்ன அக்கா மேல் கோபப்படாதீர்கள். அவர் காட்டிய வசனம் வேதத்தில் இருக்கத்தான் செய்கிறது. எபேசு நகரத்தில் மாயவித்தை செய்துவந்த பலர் தங்கள் நூல்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் சுட்டெரித்தார்கள். விலையைக் கூட்டிப் பார்த்தால் ஐம்பதாயிரம் வெள்ளிக் காசு வந்தது. அவை மந்திரம் போடுகிறவர்கள் தொழிலுக்கு வைத்திருந்த நூல்கள். அந்தத் தொழிலைச் செய்தவர்களே மனம் மாறி, தங்கள் கையாலேயே கொண்டுவந்து எரித்தார்கள். அங்கே போதித்துக்கொண்டிருந்த திருத்தூதர் பவுல் போய் யார் வீட்டு அலமாரியையும் திறக்கவில்லை. அதே பவுல்தான் இரண்டு அதிகாரத்துக்கு முன்னால், 17-ஆம் அதிகாரத்தில், ஏதென்சில் நின்றுகொண்டு பிற இனத்துக் கவிஞர்களின் வரியை எடுத்துச் சொல்லிக் கடவுளைப் பற்றிப் பேசுகிறார். அவர்களைப் படிக்காமல் அது எப்படி வாயில் வரும்?

அந்த அக்கா கொஞ்சம் மேலே தள்ளி வாசித்திருந்தால், உங்கள் இரண்டாவது கேள்விக்கே பதில் அங்கே கிடைத்திருக்கும். ஸ்கேவா என்ற யூதக் குருவின் ஏழு மகன்கள், இயேசுவின் பெயரை ஒரு மந்திரச் சொல்லைப்போல எடுத்துப் பேயோட்டப் பார்க்கிறார்கள். இயேசுவை எனக்குத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று கேட்டுவிட்டு, பேய் பிடித்தவன் அவர்கள் மேல் பாய்கிறான். காயப்பட்டு, உடுத்தியிருந்ததையும் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். புனிதமான பெயரையே கருவியாக்கினால் என்ன ஆகும் என்பதை இதைவிடப் பட்டென்று சொன்ன இடம் எனக்குத் தெரிந்து வேதத்தில் இல்லை. டிராகுலாவில் ஒரு விசுவாசி மல்லுக்கு நிற்க வேண்டிய இடமும் இதுதான். பேய் வருகிறது, பிணம் எழுந்து நடக்கிறது, ரத்தம் குடிக்கிறது என்பதற்கெல்லாம் நாம் பதற வேண்டியதில்லை.

இருட்டைப் பற்றி எழுதினால் அந்த நூலே இருட்டின் பக்கம் சேர்ந்துவிடும் என்று நினைக்க நம் மொழியே விடாது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது "கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று" என்று ஒரு பெண்பேயை எலும்பும் தோலுமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவரே பேயுருவம் வேண்டிப் பெற்றவர். அறுபத்துமூவரில் ஒருவராகச் சைவர்கள் அவரைக் கும்பிடுகிறார்கள். நம் வேதத்திலும் கல்லறைகளுக்கு நடுவே ராப்பகலாகக் கத்திக்கொண்டு, கல்லால் தன்னையே கீறிக்கொண்டு கிடந்த மனிதனை மாற்கு 5-ஆம் அதிகாரம் மறைக்காமல் காட்டுகிறது. (தமிழில் இந்த வகை நாவலுக்கு ரத்தக்காட்டேரிக் கதை என்று எழுதுகிறார்கள். காட்டேரி பலருடைய வீட்டில் கும்பிடும் தெய்வத்தின் பெயர். அதை ஒரு வில்லனுக்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் டிராகுலா என்றே எழுதுகிறேன்.)

சரி, நாவலுக்கு வருவோம். எழுதிய பிராம் ஸ்டோக்கர் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர், புரொட்டஸ்டன்ட் குடும்பம். இது முக்கியம். ஏனென்றால் நாவலில் வரும் சிலுவை, செபமாலை, நற்கருணை எல்லாம் வெளியே நின்று பார்த்த ஒருவர் எழுதியவை. தொடக்கத்திலேயே அதை மறைக்காமல் காட்டிவிடுகிறார். ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் டிரான்சில்வேனியாவில் டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு விடுதியில் தங்குகிறான். மறுநாள் கிளம்பும்போது விடுதிக்காரக் கிழவி மண்டியிட்டு, போகாதே என்று அழுகிறாள். அவன் கேட்காததால் தன் கழுத்தில் கிடந்த பாடுபட்ட சுரூபத்தை, இயேசு தொங்கும் சிலுவையை, கழற்றிக் கொடுக்கிறாள். ஆங்கிலத் திருச்சபைக்காரனான அவனுக்கு இதெல்லாம் ஏறக்குறைய சிலை வணக்கம் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். வாங்கத் தயங்குகிறான். கிழவி விடவில்லை. உன் அம்மாவுக்காக என்று சொல்லி, செபமாலையை அவன் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்த நாவலை மதிக்கிறேன். சலேத் மாதா திருவிழாவுக்கு ஆகஸ்டில் மலையேறி வரும் பாட்டிமார்களைப் பாருங்கள். யாரோ ஒரு பையன் வேலைக்கு வெளியூர் போகிறான் என்று கேள்விப்பட்டால் போதும், பையிலிருந்து ஒரு சுரூபத்தை எடுத்து, "வச்சுக்க சாமி" என்று கையில் திணித்துவிடுவார்கள். அவன் எந்தச் சபை, எந்த மதம் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். பிறகு கோட்டையில் ஹார்க்கர் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டு ரத்தம் கசிகிறது. டிராகுலா அவன் தொண்டையைப் பிடிக்கப் பாய்கிறான். கை அந்த மணிகளில் பட்டதும் அப்படியே அடங்கிப் போகிறான். ஹார்க்கர் அப்புறம் தன் நாட்குறிப்பில், வெறுக்கச் சொல்லி வளர்த்த ஒரு பொருள் தனிமையில் இவ்வளவு ஆறுதலாக இருக்கிறதே என்று வியக்கிறான், அந்தக் கிழவியை வாழ்த்துகிறான். அன்போடு கொடுத்த ஒன்று, தகுதி பார்க்காமல் வந்து காப்பாற்றுகிறது. இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வான் ஹெல்சிங் வந்த பிறகு தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் இந்தப் பேராசிரியர்தான் கதையில் கத்தோலிக்கர். நீங்கள் சொன்ன கல்லறைக் காட்சி 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சுற்றிவைத்த அப்பத்தை எடுத்துப் பொடித்து, மாவோடு பிசைந்து, செத்த பிறகும் நடமாடும் ஒருத்தி உள்ளே போகாதபடி, திரியாக உருட்டிக் கதவு இடுக்கில் அடைக்கிறார். என்ன இது என்று கேட்டதும், நற்கருணை, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொண்டுவந்தேன், என்னிடம் 'பலன்' இருக்கிறது என்கிறார். மூல நூலில் உள்ள 'இன்டல்ஜன்ஸ்' என்ற சொல்லுக்கு நாம் கோயிலில் சொல்லும் சொல் அதுதான், பரிபூரணப் பலன் என்கிறோமே அந்தப் பலன். அது அனுமதிச் சீட்டு இல்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தற்காலிகத் தண்டனையிலிருந்து விடுதலை என்றுதான் நம் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு 1471-ஆம் எண்ணில் சொல்கிறது. கல்லறைத் திருநாளில் நாம் செத்தவர்களுக்காக வேண்டிப் பெறுவது அது. நற்கருணையைப் பிசைந்து கதவில் அப்ப ஒரு பாப்பரசரும் அனுமதி கொடுக்க முடியாது. நற்கருணையை அவமதிப்பதைத் திருச்சபைச் சட்டம் மிகக் கடுமையான குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஸ்டோக்கர் இங்கே தவறு செய்திருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் அந்தக் காட்சியில் வேண்டுமென்று செய்த நிந்தை தெரியவில்லை. சுற்றி நிற்பவர்கள், அவர்களில் நம்பிக்கையே இல்லாதவரும், பேராசிரியரின் பதிலைக் கேட்டு அதிர்ந்து போய் வாய் பேசாமல் நிற்கிறார்கள். புனிதம் என்ற நினைப்பு ஆசிரியருக்கு இருந்திருக்கிறது, அறிவு இல்லை. என்னை அதைவிட அதிகமாக நோகடித்தது 19-ஆம் அதிகாரம். லண்டனுக்கு அருகில் டிராகுலா வாங்கிய வீட்டுக்குள் நுழையும் முன் வான் ஹெல்சிங் ஆளுக்கு ஆள் சாமான் கொடுக்கிறார். ஒரு வெள்ளிச் சுரூபம், வாடிப்போன பூண்டுப் பூமாலை, கைத்துப்பாக்கி, கத்தி, சின்ன மின்விளக்கு. கடைசியாக, ஒரு கவருக்குள் போட்ட நற்கருணை.

கவருக்குள்.

பல வருஷம் முன்னால், ஜூலை மாத மழையில் அட்டுவம்பட்டிப் பக்கம் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவருக்கு நற்கருணை கொடுக்கப் பங்குத்தந்தை போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். ஜீப் பாதி வழியில் சேற்றில் நின்றுவிட, நடந்தோம். நற்கருணை வைத்த சிறு பேழை அவர் கழுத்தில் தொங்கியது. அதன் மேல் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு கையை வைத்து மூடியபடியே நடந்தார். மற்றக் கையால் குடையைத் தன் தலைக்கு மேல் பிடிக்காமல் நெஞ்சுக்கு முன்னால் சாய்த்துப் பிடித்திருந்தார். முதுகெல்லாம் நனைந்து சொட்டியது. வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவர், அந்த முக்கால் மணி நேரத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் பெரியவரின் மருமகள் மெழுகுதிரியை ஏற்றிக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். காற்றுக்கு அணையாமலிருக்க முந்தானையால் மறைத்திருந்தாள். நாவலில் கவர் என்ற சொல்லைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்த முந்தானைதான் ஞாபகத்துக்கு வரும்.

பூண்டும் துப்பாக்கியும் நற்கருணையும் ஒரே பையில் கிடக்கின்றன என்பதுதான் என் வழக்கு. பூம்பாறை பக்கம் போனால் வீட்டுக்கு வீடு மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி கூரைக்குக் கீழே தொங்கவிட்டிருப்பார்கள். புகை ஏறிய அந்த வாசனை வாசலிலேயே முகத்தில் வந்து மோதும். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. பூண்டு நல்ல பொருள், மருந்து, மலைக்காரர்களின் சோறு. அதற்கு ஒரு குணம் இருக்கிறது, யார் கையில் இருந்தாலும் அந்தக் குணம் வேலை செய்யும். நற்கருணை அப்படி ஒரு குணமுள்ள பொருள் இல்லை. அங்கே இருப்பது ஒரு ஆள் என்று நாம் விசுவசிக்கிறோம். ஆளைக் கருவியாக எடுத்து எறிய முடியாது. உள்ளே இருக்க வேண்டிய மனநிலையை விட்டுவிட்டு, வெளிச்சடங்கை மட்டும் செய்தால் பலித்துவிடும் என்று நம்புவதை மறைக்கல்வி ஏடு 2111-ஆம் எண்ணில் மூடநம்பிக்கை என்றே சொல்கிறது. இஸ்ரயேலர்கள் சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பேழையை, கடவுளின் கட்டளைப் பலகைகள் இருந்த பெட்டியை, தூக்கிக்கொண்டு போர்க்களத்துக்குப் போனார்களே, 1 சாமுவேல் 4-இல், என்ன நடந்தது? பேழை வருவதற்கு முன் நடந்த போரில் நாலாயிரம் பேர் செத்தார்கள். பேழை வந்த பிறகு முப்பதாயிரம் பேர் செத்தார்கள், பேழையும் பறிபோனது.

இதைவிட ஆழமாக வலிக்கும் இடம் இன்னொன்று உண்டு. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் ஒரு பெண்ணாக உங்களுக்கு உறுத்தியிருக்கும். ஹார்க்கரின் மனைவி மினாவை டிராகுலா படுக்கையறையிலேயே பிடித்து, அவள் ரத்தத்தைக் குடித்து, தன் மார்பைக் கீறி அவளையும் குடிக்க வைக்கிறான். அவள் சம்மதிக்கவில்லை, வன்முறைக்கு ஆளானவள். நினைவு வந்ததும் தீட்டு, தீட்டு என்று அலறுகிறாள். லேவியர் ஆகமத்தில் தொழுநோயாளி ஊருக்கு வெளியே நின்று கத்த வேண்டிய சொல் அது. மறுநாள் பாதுகாப்புக்காக வான் ஹெல்சிங் அவள் நெற்றியில் நற்கருணையைத் தொட்டு வைக்கிறார். அது பழுக்கக் காய்ச்சிய இரும்பைப்போல அவள் தோலைச் சுட்டுத் தழும்பாக்கிவிடுகிறது. எல்லாம் வல்லவரே என் உடலை வெறுக்கிறார் என்று அவள் விழுந்து அழுகிறாள்.

இந்தப் பக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். மாற்கு 5-இல் பன்னிரண்டு வருஷம் ரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னாலிருந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். சட்டப்படி அவள் தீட்டு, அவள் தொட்டதும் தீட்டு. அவளிடமிருந்து தீட்டு அவருக்குப் போகவில்லை. அவரிடமிருந்து வல்லமை அவளுக்குப் போனது. மகளே என்று கூப்பிட்டார். என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை, அவளுக்கு நடந்த ஒரு கொடுமைக்குப் பிறகு இரண்டு வருஷம் நற்கருணை வாங்கவே வரவில்லை. தான் கெட்டுவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவள் நம்பிவிட்டாள். அவள் திரும்ப வந்த அன்றைக்கு வரிசையில் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அதனால் மினாவின் நெற்றி சுடப்பட்ட பக்கத்தைக் கதை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு வரவில்லை. ஸ்டோக்கர் கடைசியில் அந்தத் தழும்பை மறையச் செய்கிறார். கடவுள் குறித்த நேரத்தில் அது போகும் என்று வான் ஹெல்சிங்கும் முன்பே சொல்கிறார். போதாது. அவளை நற்கருணை சுட்டிருக்கவே கூடாது. உங்கள் பையன் பெரியவனாகி இந்த நாவலைப் படித்தால், இந்த இடத்தில் மாற்கு 5-ஐப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பைத்தியக்கார விடுதியில் இருக்கும் ரென்ஃபீல்டு ஈயைத் தின்று, சிலந்தியைத் தின்று, குருவியைத் தின்று, ஒருநாள் மருத்துவரின் கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைத் தரையிலிருந்து நக்குகிறான். ரத்தமே உயிர், ரத்தமே உயிர் என்று சொல்லிக்கொண்டு போகிறான். அது இணைச்சட்டம் 12:23. வேதம் அந்த வார்த்தையைச் சொன்னதே, ஆகையால் ரத்தத்தை உண்ணாதே, தரையில் ஊற்றிவிடு என்பதற்காக. ரென்ஃபீல்டு பாதி வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். நம் ஆண்டவரோ யோவான் 6-இல் என் ரத்தத்தைக் குடியுங்கள் என்கிறார், கேட்டவர்கள் பலர் முகம் சுளித்து விலகிப் போகிறார்கள். அவர் கொடுத்தார், டிராகுலா எடுத்துக்கொள்கிறான். டிராகுலாவின் ஒவ்வொரு அசைவும் திருப்பலியின் தலைகீழ்ப் பிம்பமாக எனக்குத் தெரிவது இதனால்தான்.

நாவலுக்கு இது தெரியாமல் இல்லை. லூசி என்ற பெண்ணின் ரத்தத்தை டிராகுலா ராத்திரி ராத்திரியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும்போது, நாலு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் ரத்தத்தை அவளுக்குக் கொடுக்கிறார்கள். அப்போது ரத்த வகை என்ற ஒன்றே யாருக்கும் தெரியாது. லாண்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவ விஞ்ஞானி அதைக் கண்டு சொன்னது நாவல் வந்து நாலு வருஷம் கழித்து, 1901-இல். 1991-இல் என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ராத்திரியில் பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று பனிமூட்டத்தில் விளக்கே தெரியாத பாதையில் வண்டியில் கீழே இறக்கினோம். இரண்டரை மணி நேரம். என் ரத்தம் சேரவில்லை. எங்களை ஏற்றிவந்த வண்டிக்காரருடையது சேர்ந்தது. பூண்டு லோடு அடிக்கிறவர், அன்றைக்குத்தான் அவரை முதல்முதலாகப் பார்க்கிறேன். படுத்துக்கொண்டு முஷ்டியை மூடித் திறந்து மூடித் திறந்து, அந்தப் பை நிறைவதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கறுப்போடு சேர்ந்த சிவப்பு. பஞ்சை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை மடக்கியபடியே எழுந்து, "சூடா ஒரு டீ கிடைக்குமா சார்" என்றார். அதற்குப் பிறகு லூசியின் அத்தியாயங்களை என்னால் பேய்க்கதையாகப் படிக்க முடியவில்லை. என் மனைவி பிழைத்தாள். லூசி பிழைக்கவில்லை. நாலு பேர் கொடுத்தும் பிழைக்கவில்லை. அந்த நாலு பேரில் ஒருவர்கூட, கொடுத்தது வீணாய்ப் போய்விட்டது என்று சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. எந்த வீட்டுக்குள்ளும் முதல் தடவை யாராவது அழைக்காமல் டிராகுலா நுழைய முடியாது. கோட்டை வாசலில் ஹார்க்கரிடமும், உன் சொந்த விருப்பத்தோடு உள்ளே வா என்றுதான் சொல்கிறான். பாவச் சோதனையைப் பற்றி யாக்கோபு தன் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், அவனவன் சொந்த ஆசைதான் அவனை இழுக்கிறது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல படம் என் வகுப்புக்குக் கிடைத்ததில்லை. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் அழுகை. சினிமாவில் மட்டும் டிராகுலாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாது. வெயில் பட்டுச் சாம்பலாவதெல்லாம் சினிமாவில் வந்தது. நாவலில் அவன் பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். 23-ஆம் அதிகாரத்தில், நெற்றியில் அந்தத் தழும்போடு உட்கார்ந்திருக்கும் மினா, அவனை வேட்டையாடக் கிளம்பும் ஆண்களிடம் பேசுகிறாள். இவ்வளவு துன்பத்தையும் செய்த அந்த ஆத்துமாவின் நிலைதான் எல்லாரிலும் பரிதாபமானது, அவனுக்காகவும் இரக்கப்படுங்கள், அவனுடைய கெட்ட பாகம் அழிந்து நல்ல பாகம் விடுதலையாகும்போது அவனுக்கு எவ்வளவு சந்தோஷமாயிருக்கும் என்கிறாள். கணவன் கொதித்துப் போய், முடிந்தால் அவன் ஆத்துமாவை நரகத்துக்கே அனுப்புவேன் என்கிறான். அப்படிச் சொல்லாதீர்கள், ஒருநாள் எனக்கும் அந்த இரக்கம் தேவைப்படலாம் என்று அவள் கெஞ்சுகிறாள்.

சொல்வது யார் என்று பாருங்கள். அவனால் அதிகம் பாதிக்கப்பட்டவள். நற்கருணை தன்னைச் சுட்ட பிறகும் பேசுகிறாள். வான் ஹெல்சிங்கின் பையில் இருந்ததைவிட அதிக நற்கருணை அந்தப் பேச்சில் இருப்பதாக எனக்குத் தோன்றும். கடைசியில் பனி மூடிய பாதையில், சூரியன் மறையும் நேரத்தில், ஹார்க்கரின் குக்ரிக் கத்தியும் லூசிக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவனான குவின்சி மோரிசின் கத்தியும் அவன் மேல் இறங்குகின்றன. அவன் பொடியாகும் அந்தக் கணத்தில் அவன் முகத்தில், அங்கே வருமென்று நினைத்தே பார்த்திராத ஒரு சமாதானம் தெரிந்தது என்று மினா எழுதுகிறாள். நாட்குறிப்பில் அன்றைய தேதி நவம்பர் 6. நவம்பர் 1 முதல் 8 வரை நாம் கல்லறைக்குப் போய், செத்தபின் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக வேண்டிப் பலன் பெறும் நாட்கள். நீங்கள் அழுதது அந்த எட்டு நாளுக்குள் விழும் ஒரு சாவுக்காக. அந்த நாட்களில் நாம் திரி ஏற்றும்போது, நல்லவர்களின் கல்லறையில் மட்டும் ஏற்றுவதில்லையே. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் கொண்டுபோக வேண்டாம். செபத்தில் கொண்டுபோங்கள்.

புத்தகம் நூலகத்தினுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே எரிக்கிற பேச்சே எழக் கூடாது, அது அடுத்தவர் பொருள். தவணைத் தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன், மாமியார் கோபம் ஆறியிருந்தால், 23-ஆம் அதிகாரத்தில் மினா பேசும் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். விடுதிக் கிழவியின் செபமாலையையும் சொல்லுங்கள், அது அவருக்குப் பிடிக்கும். பத்தாவது படிக்கும் பையன் கேட்கிறான் என்றால், மினாவுக்கு நடக்கும் கொடுமையை அவனோடு பேச உங்களுக்குத் துணிவு வரும்வரை ஓரிரு வருஷம் பொறுக்கச் சொல்வேன். அந்த அக்காவை நான் அறிவேன், நல்ல மனசு. முடிந்தால் இந்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு மறைக்கல்வி அறைக்கு வாருங்கள். திருத்தூதர் பணிகள் 19-ஐ மூன்று பேரும் முதல் வசனத்திலிருந்து வாசிப்போம். நாவலையும் எடுத்துவாருங்கள், என் பிரதியில் கடைசி ஏழெட்டுப் பக்கம் ஈரத்தில் ஒட்டிப்போய்க் கிழிந்துவிட்டது.